பெர்மனென்ட் வேண்டாம் சார்

போன வெள்ளிக்கிழமை காலையில் ராகு காலத்தோடு போட்டி போட வேண்டியதாகிவிட்டது.

ஒத்தக்கடையில் டீக்கடை வைத்திருக்கும் என் மாப்ள செல்வம், மனைவி ஜோதிக்கு ஸ்கூட்டர் எடுத்தான். மேலூர் ரோட்டில், அவன் கடைக்குப் பக்கத்திலேயே இருக்கிற ஒரு ஷோரூமில் டெலிவரி. துணைக்கு நான். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதற்குள் சக்கரம் எலுமிச்சம்பழத்தில் ஏறி இறங்கியாக வேண்டும்.

போய்ப் பார்த்தால் எங்களுக்கு முன்னால் ஏகப்பட்ட குடும்பங்கள். எல்லோர் கையிலும் மாலை, தேங்காய். எல்லோருக்கும் அதே பத்தரை!

புது ஸ்கூட்டர் எடுக்கிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? சொந்தபந்தமெல்லாம் வண்டிக்கு நேர் எதிரே நின்று செல்போனில் படம் பிடிக்கும். சக்கரத்துக்கு அடியில் பழம். அது நசுங்க வேண்டுமே என்று, ஓட்டுகிறவர் ஆக்சிலேட்டரை ஒரே முறுக்காக முறுக்குவார். பழம் நசுங்கும்... அப்புறம் வண்டி நிற்காது. படம் பிடித்த சித்தப்பா சாக்கடையில் கிடப்பார். முறுக்கிய கையை யாரும் குறை சொல்ல மாட்டோம். நேரம் சரியில்லை என்று சொல்லிவிடுவோம்.

அந்த ஷோரூமில் மட்டும் அப்படி நடப்பதில்லையாம். காரணம், அங்கே டெலிவரி கொடுக்கிற முத்துப்பேச்சி என்ற பெண். பேரையூர் பக்கத்துப் பிள்ளை. இங்கே ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்சி. இரண்டாம் வருஷம் படிக்கிறாள். வண்டியைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை கட்டி, பழம் வைத்து, சாவி கொடுப்பது வரை அவள் வேலை. அவள் கையால் சாவி வாங்கிய யாரும் இதுவரை விழவில்லை, அம்புட்டுக் கைராசி என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. அந்தப் பிள்ளை கையால்தான் சாவி வாங்குவேன் என்று ஜோதி வீட்டிலேயே சொல்லிவிட்டாள்.

பேச்சி ஜோதியை வண்டியில் உட்கார வைத்தாள். சாவி இன்னும் பேச்சியின் பாக்கெட்டில்தான்.

"அக்கா, மொதல்ல பிரேக்கு. ரெண்டு கையும் அமுக்குங்க. விடுங்க. இப்பக் கண்ண மூடிக்கிட்டு அமுக்குங்க."

ஜோதி கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாள். திரும்பத் திரும்ப அதே பாடம். எதிரே செல்போனோடு நின்ற செல்வத்திடம், பக்கவாட்டில் நின்று எடுத்தால்தான் அக்கா முகம் அழகாக விழும் என்றாள் பேச்சி. அவன் நம்பி நகர்ந்தான். நான் மட்டும் சிரித்தேன்.

"நெசமாவே கைராசியாம்மா?" என்று கேட்டேன்.

"கைராசியெல்லாம் இல்லண்ணே. பிரேக்கச் சொல்லித் தாரேன், எதுக்க நிக்கிற ஆள நகத்துறேன். அதுக்கு அவங்க வச்ச பேரு கைராசி. இருந்துட்டுப் போகுது."

இந்த வேலைக்கு எப்படி வந்தாள் என்று விசாரித்தேன். சொன்னாள்.

அப்பாவுக்கு மானாவாரிப் பருத்தி. மழை பெய்தால் பீஸ் வரும், பெய்யாவிட்டால் வராது. ஆகவே பகுதிநேர வேலை தேடியிருக்கிறாள். அவளுடைய காலேஜ் மத்தியான ஷிப்ட். பெட்ரோல் பங்கில் ஆள் எடுத்தார்கள்; ஆனால் வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும், வகுப்பு போய்விடும். ஒரு டயர் கடையில் கணக்கெழுதக் கூப்பிட்டார்கள். அங்கே வியாபாரமே சாயங்காலம்தான். அப்போது ஹாஸ்டல் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைக் கிழித்தபோது ஒன்று தோன்றியிருக்கிறது. புது வண்டியை யாராவது மத்தியானத்துக்கு மேல் எடுப்பார்களா? அபூர்வம். நல்ல நேரம், பூஜை, மாலை எல்லாம் காலையோடு சரி. சாயங்காலம் பார்த்தால் ஷோரூமே தூங்கி வழியும்.

"காலையிலதான் அவங்களுக்கு ஆளு பத்தாது. எனக்கும் காலையிலதான் நேரம் இருக்கு. நேரா வந்து கேட்டேன்" என்றாள்.

எத்தனை பேர் காலண்டரைப் பார்த்துக் கல்யாணம் வைக்கிறோம்... வேலை தேடியிருக்கிறோமா?

நான் எட்டாம் வகுப்போடு வீட்டை விட்டுக் கிளம்பியவன். லாரியில் கிளீனர், ஓட்டலில் டேபிள் துடைத்தது, கரும்பு வெட்டு, லாட்ஜில் ரூம்பாய்... எதையும் நான் தேர்ந்தெடுத்ததில்லை. பசித்த நேரத்தில் எந்தக் கதவு திறந்திருந்ததோ அதில் நுழைந்தேன். வேலைகளை எதிரே வரிசையாக நிறுத்தி, நீ வேண்டாம், நீ வேண்டாம், நீ வா என்று ஒருத்தி சொல்ல முடியுமா? அதுவும் இந்த வயதில்!

ஜோதிக்குச் சாவி கொடுக்கப் போகிற நேரம், மேனேஜர் ரூமிலிருந்து அழைப்பு. பேச்சி சாவியோடு உள்ளே போனாள்.

என்ன விஷயம் என்று சூப்பர்வைசர் ஜாபர் பாயிடம் கேட்டேன். டெம்பரரி ஆட்களை இனி வைத்துக்கொள்ளக் கூடாது என்று மேலிடத்து உத்தரவாம். ஒன்று பெர்மனென்ட், முழுநாள் வேலை. இல்லையென்றால் இன்றோடு சரி. பெர்மனென்ட் ஆனால் காலேஜ் போச்சு. வேலை போனால் அடுத்த செமஸ்டர் பீஸ் போச்சு. அப்போதும் காலேஜ் போச்சு.

"பெர்மனென்ட் பண்ணச் சொல்லி இங்க அவனவன் நடையா நடக்குறான். இந்தப் புள்ள வேணாங்குது. யா அல்லா, எனக்கு ஒண்ணும் புரியல" என்றார் பாய்.

கண்ணாடிக் கதவு வழியே பார்த்தேன். மேனேஜர் பேசிக்கொண்டே இருந்தார். பேச்சி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தலை மட்டும் இடமும் வலமும் ஆடியது.

மணி பத்தேகால். மற்ற குடும்பங்கள் பொறுமையிழந்து, வேறு ஆளிடம் சாவி வாங்கிக் கிளம்பின. செல்வம் தவித்தான். "ஏய், வேற சாவி இருக்காம். நானே வாங்கித் தாரேன், எடு."

"வேணும்னா நீங்க போங்க. அந்தப் பிள்ளை வரட்டும்" என்றாள் ஜோதி.

பத்தரை ஆனது. ராகு காலம் பிறந்தது. ஜோதி வண்டியை விட்டு இறங்கவில்லை. இரண்டு கையும் பிரேக்கில்!

எங்கள் ஊரில் ராகு காலத்தில் புது வண்டி எடுக்க ஒருத்தி காத்திருந்து பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. பாயும் பார்த்ததில்லை போல. விறுவிறுவென்று கதவைத் திறந்து உள்ளே போய், ஜோதியைக் காட்டி ஏதோ சொன்னார். மேனேஜர் எழுந்து வந்து கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடியும் ஜோதியைப் பார்த்தார்.

பாய் கதவைத் திறந்தபடி விட்டிருந்ததால் உள்ளே பேசியது கேட்டது.

"உனக்கு என்னதாம்மா வேணும்?"

"டெம்பரரியாவே இருந்துக்கிறேன் சார். காலையில மட்டும். டிகிரி முடியிற வரைக்கும்."

 மேனேஜர், மேலிடத்தில் தானே பேசிக்கொள்வதாகவும், அவள் போய் முதலில் சாவியைக் கொடுக்குமாறும் சொன்னார்.

பேச்சி வந்தாள். முகத்தில் பெரிய மாற்றமில்லை.  ஜோதியிடம் சாவியை நீட்டி, "அக்கா, பிரேக்கு?" என்றாள். "பிடிச்சுத்தான்டி இருக்கேன்" என்றாள் ஜோதி. வண்டி மெதுவாக ஏறி இறங்கியது. பழம் நசுங்கியது. வண்டி நின்றது. செல்வம் கண்ணை மூடிக்கொண்டு நின்றதில் படம் எடுக்க மறந்துபோனான்.

மத்தியானம் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பேச்சி பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். செல்வம் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "வாரேண்ணே" என்றாள். கையில் ஒரு தடித்த கெமிஸ்ட்ரி புத்தகம்.

வாழ்க்கை பூரா டெம்பரரியாகவே இருந்தவன் நான். அதைக் கேட்டும் வாங்கலாம் என்பது போன வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது — அதுவும் ராகு காலத்தில்.