தரையை விட்டு எழாமல்

காரைக்கால் பக்கம் எங்கள் விழிதியூரில் ஓடுகிற டிராக்டரிலிருந்து குதித்து இறங்காத ஆண்பிள்ளை கிடையாது. நானும் அப்படித்தான் இறங்கினேன். நடவுக்கு முன் சேறு கலக்கிக்கொண்டிருந்த வண்டி அது. பின்னால் ரொட்டவேட்டரின் கத்திகள் சுழன்றுகொண்டிருந்தன. சேற்றில் வழுக்கினேன். வலது கால் முட்டிக்குக் கீழே போயிற்று. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

கால் போனதைவிட ஊர்ப் பேச்சுதான் அதிகமாக எரிந்தது. குதித்துக் குதித்து ஆடினான், குதித்தே கெட்டான் என்றார்களாம். சொன்னவர்களில் பாதிப் பேர் பொங்கல் வாலிபால் போட்டியில் நான் எழும்பும்போது தொண்டை கிழியக் கத்தியவர்கள். ஊர் அணியில் வலையோரம் நின்று அடிப்பவன் நான்தான். உயரம் ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் எழும்புவேன். எழும்பி ஒரு நொடி மேலேயே நின்று, தடுக்க வந்த கைகள் இறங்கிய பிறகு அடிப்பேன். எனக்கே எனக்கென்று இருந்த சொத்து அந்த ஒரு நொடிதான். வயல்கூட அண்ணனோடு பங்கு.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபின், சாயங்காலமானால் பந்துச் சத்தம் வீட்டுக்குள் வந்துவிடும். கூட ஆடியவர்கள் ஒருநாள் வந்து அழைத்துப் போனார்கள். நாற்காலி போட்டு, கழுத்தில் விசிலை மாட்டி, என்னை நடுவராக்கினார்கள். நான் இருக்கிறேன் என்று யாரும் சண்டை போடவில்லை, ஜெயித்தாலும் சத்தம் போடவில்லை. நோயாளி படுத்திருக்கும் வீட்டில் நடமாடுவதுபோல ஆடினார்கள். அப்படியொரு ஆட்டத்தைப் பார்ப்பதற்கு வீட்டில் சுவரைப் பார்க்கலாம். கொஞ்ச நாள் பொறுத்துவிட்டு, தலைவலி என்று சொல்ல ஆரம்பித்தேன். பிறகு அவர்கள் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். நிறுத்தியதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

செயற்கைக் காலுக்கு அளவு கொடுக்கப் புதுச்சேரி போய்க் காத்திருந்தபோது பக்கத்து இருக்கையில் ஒருவர், போலியோவில் கால் சூம்பியவர், என் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாலிபால் ஆடியிருக்கிறீர்களா என்று கேட்டார். ஒரு மனிதர் என் காலைப் பார்க்காமல் வேறு எதையோ பார்த்துப் பல மாதங்களாகியிருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் தாங்கள் உட்கார்ந்தபடி வாலிபால் ஆடுவதாகவும், நானும் வரலாமென்றும் சொன்னார்.

காரைக்கால்காரன் தன் சொந்தத் தலைநகருக்குப் போகவே தமிழ்நாட்டைத் தாண்டியாக வேண்டும். செயற்கைக் கால் கைக்கு வந்த பிறகு ஒரு ஞாயிறு காலை முதல் பேருந்தைப் பிடித்து, சீர்காழியில் தூங்கி கடலூரில் விழித்துப் போய்ச் சேர்ந்தேன். ஆடுகளம் சின்னது. எழுந்து நின்றால் வலை நெஞ்சுக்குக்கூட வராது. இதென்ன சின்னப் பிள்ளை விளையாட்டு என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே செயற்கைக் காலைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். முதல் பந்து வந்தது. அடித்த அடியில் எதிர்ப் பக்கம் யாரும் கையைக்கூட அசைக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் நடுவர் பாயிண்டை அவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அடிக்கும் நேரத்தில் உட்காரும் பாகம் தரையில் ஒட்டியிருக்க வேண்டுமாம். ஒரு விரற்கடை எழும்பினாலும் தப்பு. சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த பந்துக்கும் எழும்பினேன். அதற்கடுத்ததற்கும். வேண்டுமென்று செய்யவில்லை. பந்து உயர்ந்து வந்தால் உடம்பு தானாக மேலே போகிறது. இல்லாத காலும் சேர்ந்து உந்துகிறது. அந்த ஒரு நொடி எனக்கு இரண்டு கால்களும் இருந்தன. இதை யாரிடமும் சொல்ல வெட்கமாக இருந்தது.

என்னை அழைத்தவர் ஒருமுறைகூட எழும்பவில்லை. உள்ளங்கைகளால் தரையைத் தள்ளி, வழுக்கிக்கொண்டே போய் அடித்தார். குழந்தையிலிருந்தே குதித்தறியாத மனிதர். அவருக்கு இது முழு ஆட்டம். எனக்கோ முக்கால்வாசியை வெட்டிவிட்டுக் கொடுத்த ஆட்டம். சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிற நினைப்பில் போனவன், அங்கேயும் விருந்தாளியாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

சில வாரம் பார்த்துவிட்டுப் பயிற்சியாளர் நேராகவே சொன்னார். "நல்ல கை தம்பி உங்களுக்கு. ஆனா எழும்புறத விட்டாத்தான் டீம்ல சேக்க முடியும்." அணிக்கு ஆள் எடுப்பது அறுவடைக்குப் பிறகு. அதில் இடமில்லையென்றால் எனக்கு வாலிபால் என்பதே இனி இல்லை. காரைக்காலில் இப்படி ஆட எனக்குத் தெரிந்து இன்னொரு ஆள் கிடையாது.

நெல் காயப்போடும் சிமெண்டுக் களத்தில் உட்கார்ந்து தனியாக அடித்துப் பார்த்தேன். எழும்புகிறேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. என் மனைவிதான் வழி கண்டுபிடித்தாள். ஊர்ப் பெண்கள் ஆடுகளத்துப் பக்கம் வருவதில்லை. நான் ஆடி அவள் பார்த்ததே கிடையாது. காலி உரச் சாக்கு ஒன்றை எனக்கு அடியில் விரித்து, அதில் கயிறு கட்டிக் கையில் பிடித்துக்கொண்டாள். மறு கையால் பந்தைத் தூக்கிப் போட்டாள். நான் அடிக்கும்போது கயிற்றை வெடுக்கென்று இழுப்பாள். உட்கார்ந்திருந்தால் சாக்கு அசையாது. எழும்பினால் உருவிக்கொண்டு போய்விடும். "வந்துடுச்சுங்க" என்பாள். எத்தனையோ தடவை வந்தது. வரும்போதெல்லாம் அவள்மேல்தான் எரிந்து விழுந்தேன். அவள் சாக்கை மறுபடி விரித்தாள்.

களத்தில் புது நெல் கொட்டும் நாட்கள் வந்தபோது சாக்கு வருவது குறைந்தது. பிறகு நின்றேவிட்டது. அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆள் எடுக்கும் நாள் நன்றாகவே ஆடினேன். நடுவில் ஒரு பந்து வந்தது. வலையை ஒட்டி, உயரமாக, அவசரமே இல்லாமல் இறங்கியது. முன்பெல்லாம் இப்படியொரு பந்தைக் கண்டால் உள்ளங்கால் குறுகுறுக்கும். எதுவும் நடக்கவில்லை. உடம்பு அம்மிக்கல்லாக உட்கார்ந்திருந்தது. அடித்தேன், பாயிண்ட் எங்களுக்கு. எல்லோரும் முதுகில் தட்டினார்கள். அடுத்த பந்துக்கு அந்தக் குறுகுறுப்பு வருகிறதா என்று காத்திருந்து பார்த்தேன். வரவில்லை. காலாவது சேற்றில் ஒரே நொடியில் போனது. இதை நானே மெனக்கெட்டு, நாள் தவறாமல் உட்கார்ந்து விரட்டியிருக்கிறேன்.

அணியில் என்னையும் சேர்த்தார்கள். வெளியே வந்து மனைவிக்குப் போன் செய்தேன். சேதியைக் கேட்டதும் அண்ணி வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்திச் சொல்லிவிட்டு மறுபடி வந்தாள். நான் திரும்பி வரும் பேருந்தின் நேரத்தை மட்டும் சொன்னேன். ஏன் ஒரு மாதிரி பேசுகிறீர்கள் என்று கேட்டாள்.

"இனிமே எனக்குக் குதிக்கவே வராது" என்றேன்.

குழந்தையைத் தேற்றுகிற குரலில் சொன்னாள்: "அது அன்னிக்கே போயிடுச்சேங்க."

ஆமாம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அவளுக்கும் ஊருக்கும் அது அன்றே போய்விட்டது. அழுது முடித்து வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். எனக்கு இன்றைக்குத்தான் போயிருக்கிறது. துக்கம் கேட்க ஒரு ஆள் இல்லை.