கண்டெடுத்தவன் என்ன எழுதுவான்

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்திருந்த அண்ணி, என் போனை வாங்கி, நைட்டிமேல் போட்டிருந்த துண்டால் திரையைத் துடைத்தாள். ஒரு இணைய மன்றத்தின் தேடல் பெட்டியில் நான் அதுவரை அடித்துப் பார்த்த வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். பிறகு, "இதெல்லாம் தொலச்சவ எழுதற வார்த்த பாப்பா. எடுத்தவன் இன்னா எழுதுவான், அத்த யோசி" என்றாள். இப்போது தியாகராய நகரில் ஓர் அலுவலகத்தில், அடுத்தவர்களின் மென்பொருள் பிழைகளுக்கு மன்றம் மன்றமாகப் போய் விடை தேடித் தருவது என் வேலை. சாயங்காலம் கண்ணை மூடினால் உள்ளே எழுத்துகள் ஓடிக்கொண்டிருக்கும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அண்ணியின் அந்த வாக்கியத்தைத்தான் சொல்லித் தருகிறேன். அவர்களும் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறார்கள். அது எந்த மாடியில், எதற்காகச் சொல்லப்பட்டது என்று யாரிடமும் சொன்னதில்லை. ஆரம்பித்தால் அந்தப் புறாவைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும்.

அண்ணி சைதாப்பேட்டைக்காரி. அண்ணனும் அவளும் ஒரே வங்கியில் வேலைக்குச் சேர்ந்து, பழகி, இரண்டு வீட்டையும் ஒருவழியாகச் சம்மதிக்கவைத்துக் கல்யாணம் செய்துகொண்டார்கள். மயிலாப்பூரில் நாங்கள் இருக்கும் குடியிருப்புக்கு அவள் வந்த மறுவாரம், அவளுடைய அப்பா ஆட்டோவிலிருந்து ஒரு மூங்கில் கூடையை இறக்கினார். அவரை அவள் நைனா என்பாள். நாளடைவில் எங்களுக்கும் அவர் நைனாதான். கூடைக்குள் இரண்டு ஜோடிப் புறாக்கள் இருந்தன. எங்கே கொண்டுபோய் விட்டாலும் கூண்டுக்குத் திரும்பி வந்துவிடும் பந்தயப் புறாக்கள். அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். "வெள்ளிக் குத்துவிளக்கு வரும்னு பாத்தா, புறா வந்து எறங்குதே" என்றாள். நைனா அசரவில்லை. "வெளக்கு ஒரு தபா குடுத்தா அவ்ளோதான் சம்பந்தி. இது வருசம் பூரா குஞ்சு பொரிச்சிக்கினே கெடக்கும்" என்றார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறைக்க உள்ளே போனாள்.

அந்த நான்கையும் அண்ணி ஒருநாளும் வெளியே விட்டதில்லை. அவை சைதாப்பேட்டையில் பிறந்து அந்த மாடியில் பறக்கப் பழகியவை. கதவைத் திறந்தால் அங்கேதான் போகும். இங்கே எத்தனை வருஷம் தானியம் போட்டாலும் அவற்றுக்கு வீடு அதுதான். இங்கே முட்டையை உடைத்துக்கொண்டு வந்து, இந்த மாடியிலிருந்து முதல் தடவை வானத்தைப் பார்க்கிற குஞ்சுதான் இங்கே திரும்பி வரும். இதை அண்ணி சொன்னபோது நான் கல்லூரியில் கடைசி வருஷம். எதைக் கேட்டாலும் அன்றைக்கே அதில் முங்கி எழுந்துவிட வேண்டும் எனக்கு. அரை நாள் இணையத்தில் உட்கார்ந்து, பூமியின் காந்தம், சூரியன், வாசனை என்று எல்லாவற்றையும் படித்துவிட்டு வந்து அவளுக்கே பாடம் எடுத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "செரி, அந்தப் பொட்டைப் புறாவுக்குத் தண்ணி மாத்து" என்றாள்.

ஐந்து பறவைகளுக்கு மேல் கூடாது என்பது குடியிருப்புச் சங்கச் செயலாளரின் நிபந்தனை. அதனால் முட்டைகளை அண்ணி டிபன் டப்பாவில் பஞ்சு வைத்துச் சைதாப்பேட்டைக்கு அனுப்பிவிடுவாள். நைனா அங்கே வேறு புறாக்களின் அடியில் வைத்துக்கொள்வார். ஒரே ஒரு முட்டையை மட்டும் இங்கேயே பொரிக்க விட்டாள். வந்தவன் சாம்பல் நிறம், வாலில் ஒற்றை வெள்ளை இறகு. பறக்கத் தெரிவதற்கு முன்பே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மாடியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மேற்பார்வை நடை நடந்தான். எங்கள் செயலாளர் காலை நடையில் அப்படித்தான் போவார். ஆகவே புறாவுக்கும் செக்ரட்டரி என்று பெயர் விழுந்துவிட்டது. விஷயம் அவர் காதுக்குப் போனபோது நான் பயந்தேன். அவரோ, "அடுத்த மீட்டிங்குக்கு அவரையே அனுப்பிடுங்கம்மா, நான் வீட்ல தூங்கறேன்" என்றார்.

எண்ணூர், கும்மிடிப்பூண்டி என்று தள்ளித் தள்ளிக் கொண்டுபோய் விட்டுப் பழக்கினோம். ஒவ்வொரு தடவையும் நாங்கள் ரயிலேறித் திரும்புவதற்குள் அவன் வந்து கூண்டின் மேல் உட்கார்ந்திருப்பான். பிறகு ஓங்கோலிலிருந்து ஒரு பந்தயம் வந்தது. காலையில் அங்கே திறந்துவிட்டார்கள் என்று தகவல் வந்தது. மத்தியானத்துக்குள் மற்றவர்களின் புறாக்கள் வந்துவிட்டதாகப் போன் மேல் போன். அண்ணி தானிய டப்பாவைக் குலுக்கிக்கொண்டே வடக்கைப் பார்த்து நின்றாள். இருட்டும்வரை அந்தச் சத்தம் கீழே எங்கள் சமையலறைக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. மறுநாளும் வரவில்லை. அன்றைக்குத்தான் அவள் சாதாரணமாக, துணி பிழிந்துகொண்டே சொன்னாள்: "இவன் வரலேன்னா மத்த நாலையும் தொறந்து வுட்டுடுவேன் பாப்பா. இந்த வூட்ட வூடுன்னு நெனச்சவன் இவன் ஒருத்தன்தான். வர இஷ்டமில்லாததுங்கள எத்தினி நாளு பூட்டி வச்சிக்கினு இருக்கறது?" அண்ணன் ஏதோ சமாதானம் சொன்னான். அவள் சொன்னதை மாற்றிக்கொள்கிறவள் இல்லை என்பது அவனுக்கும் தெரியும்.

வழிதவறிய புறாக்களைப் பற்றி எழுதுவதற்கென்றே புறா வளர்ப்பவர்களின் மன்றம் ஒன்று இணையத்தில் இருந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து ஆளாளுக்கு எழுதுவார்கள். புதிதாக யாராவது கேள்வி கேட்டால், "ஏற்கெனவே பேசியாச்சு பிரதர், தேடிப் பாருங்க" என்று மூத்தவர்கள் எரிந்து விழுவார்கள். தேடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. பறவையின் கால் வளையத்தில் பொறித்திருந்த எண்ணை முழுதாகப் போட்டேன், பாதியாகப் போட்டேன், இடைவெளி விட்டும் விடாமலும் போட்டேன். 'காணவில்லை', 'கண்டெடுக்கப்பட்டது' பகுதிகளைக் கடைசிப் பக்கம்வரை புரட்டினேன். பந்தய நாளுக்குப் பிறகு வந்த பதிவுகளை மட்டும் வடிகட்டினேன். கல்லூரிப் பேருந்தில், வகுப்பில், சாப்பாட்டு நேரத்தில் என்று விரல் ஓயவில்லை. கிடைத்ததெல்லாம் மற்றவர்களின் துக்கம். யாரோ ஒருவர் வேலூரில் தன் புறாவைத் தேடி உருகி உருகி எழுதியிருப்பார்; பத்துப் பேர் யோசனை சொல்லியிருப்பார்கள்; அதன்பின் அவர் வந்திருக்கவே மாட்டார். புறா வந்ததா இல்லையா என்று தெரியாமலே பக்கம் முடிந்துவிடும். இப்படி எத்தனையோ பக்கங்கள். படித்துப் படித்து, கடைசியில் புறா என்ற சொல்லே எனக்கு அலுத்துப்போனது.

அந்த நிலையில்தான் மாடியில் அண்ணி போனை வாங்கிப் படித்தாள். "எடுத்தவனுக்கு இது ரேஸ் புறான்னே தெரியாது. வளையம் நம்பரு அவனுக்கு எதுக்கு? அவன் பிரச்சன வேற" என்றாள்.

"என்ன பிரச்சனை?"

"களைச்சிப்போயி எறங்கி இருக்கும். அரிசி போட்டிருப்பான். நம்ம ஆளு அரிசிய தொடமாட்டான். 'சாப்பிட மாட்டேங்குது, இன்னா பண்றது'ன்னு கேட்டிருப்பான். தீனி சமாச்சாரம் பேசற எடத்துல பாரு."

எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது, இதைப்போய் நான் யோசிக்கவில்லையே என்று. தீனிப் பகுதிக்குப் போய், வளையத்தையும் ஊரையும் மறந்துவிட்டு, 'அரிசி', 'சாப்பிட மாட்டேங்குது' என்று மட்டும் போட்டேன். முதல் பக்கத்திலேயே இருந்தது. சூலூர்பேட்டைப் பக்கம் நெடுஞ்சாலையில், லாரிகளுக்கு எடை போடும் மேடையில் வேலை பார்க்கும் ஒருவர் எழுதியிருந்தார்: புறா ஒன்று வந்து இறங்கியிருக்கிறது, அரிசியும் சாதமும் போட்டேன், தொடவில்லை, ஆனால் மேசைமேல் ஆபீசர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறது, என்ன கொடுப்பது? கூடவே ஒரு மங்கலான படம். வாலில் வெள்ளை இறகு. அண்ணி படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவே இல்லை. "நடையச் சொல்லிட்டான்ல, போதும்" என்றாள்.

கீழே பதில்கள் வரிசையாக இருந்தன. வழக்கமாக எரிந்து விழுகிற அந்த மூத்தவர்களே பொறுமையாக எழுதியிருந்தார்கள். மக்காச்சோளம், வேர்க்கடலை கொடுங்கள். தண்ணீரில் கொஞ்சம் வெல்லம். நன்றாகத் தெம்பு வந்ததும் ஒரு காலையில் திறந்துவிடுங்கள், தானே வீடு போய்ச் சேர்ந்துவிடும். எல்லாம் சரியான யோசனைகள். கடைசியாக எடைமேடைக்காரர் எழுதியிருந்தார்: நல்லா சாப்பிட்டான், இன்று காலை விட்டுவிட்டேன், இரண்டு சுற்று சுற்றிவிட்டுப் போய்விட்டான், எல்லோருக்கும் நன்றி. அவர் சொன்ன அந்த 'இன்று காலை' கடந்துபோய் ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

மன்றத்தின் வழியாகவே செய்தி அனுப்பி, எண் வாங்கிப் பேசினோம். அவர் குரலில் பயமும் சந்தோஷமும் கலந்திருந்தது. கால் வளையத்தைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "ராக்கெட் விடற எடம் இங்க பக்கத்துலதாம்மா. கால்ல எழுத்து கிழுத்தோட ஒரு பறவ வந்தா என்னன்னு நினைக்கிறது? உளவு பாக்க வந்ததுன்னு போலீஸ் எங்கிட்ட வந்து நின்னா? அதான் சாப்பாட்டப் பத்தி மட்டும் கேட்டேன்" என்றார். அண்ணி வாய்விட்டுச் சிரித்தாள். அந்த நாட்களில் அவள் சிரித்தது அப்போது மட்டும்தான். வளையத்தை அவர் படம் எடுத்து வைத்திருந்தார், அனுப்பினார், எங்களுடையதுதான். "எந்தப் பக்கம் போனான்?" என்று அண்ணி கேட்டாள். "தெற்கதாம்மா. ரோட்டப் புடிச்ச மாதிரி நேரா தெற்க போனான். இன்னும் வரலையா?" என்றார். நாங்கள் பதில் சொல்வதற்குள் அவரே, "வந்துருவான்மா, நல்லா தின்னுட்டுத்தான் போனான்" என்றார்.

அங்கிருந்து எங்கள் மாடிக்கு அவனுக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகாது. இடையில் பருந்தா, மின்கம்பியா, வேறு கூட்டத்தோடு சேர்ந்துகொண்டானா, எதுவும் தெரியாது. தேடுவதற்கு இனி வார்த்தை இல்லை. நான் அப்புறமும் தேடினேன். 'கம்பி', 'அடிபட்ட', 'சிறகு' என்றெல்லாம். அண்ணி வேண்டாம் என்று சொல்லவில்லை. என்ன கிடைத்தது என்று கேட்கவும் இல்லை. செயலாளர் தினமும் நடையை முடித்துவிட்டு மாடிக்கு வந்து, கண்மேல் கையை வைத்து வடக்கே பார்த்துவிட்டுப் போவார். அம்மா ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கடையில அதே மாதிரி ஒண்ணு வாங்கிட்டு வந்துடலாமாடி?" என்றாள். குத்துவிளக்கு கேட்ட அம்மாதான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அண்ணி என்னை மாடிக்குக் கூப்பிட்டாள். "மொதல்ல அந்தாளுக்குப் பதில் எழுது. வரலைன்னு எழுது" என்றாள்.

"பாவம் அண்ணி, அவர் வருத்தப்படுவார். வந்துட்டான்னு எழுதிடலாமே?"

"அவரு மட்டுமா படிக்கறாரு? நாளைக்கு எவனோ தேடிக்கினு வந்து இத்தப் பாத்தான்னா? நாம எத்தினி பக்கம் கடேசிவரைக்கும் போயி மொட்டையா நின்னோம்?" என்றாள். எழுதினேன். எந்த ஊரில் இறங்கினான், எப்படிக் கண்டுபிடித்தோம், எப்படி விடப்பட்டான், எல்லாம் எழுதி, கடைசி வரியாக 'வீடு வந்து சேரவில்லை' என்று போட்டேன். அந்த மன்றத்தில் நான் எழுதிய முதல் பதிவு அது.

பிறகு அவள் கூண்டின் கொக்கியை எடுத்துக் கதவை முழுக்கத் திறந்து வைத்துவிட்டு, தள்ளி வந்து நின்றுகொண்டாள். நான்கும் உடனே வெளியே வரவில்லை. வாசல் பலகையில் நின்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தன. முதலில் அந்த வயசான பொட்டை எழும்பியது. மற்றவை பின்னாலேயே. கோயில் கோபுரத்துக்கு இந்தப் பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றின. ஒரே வெட்டாகத் தென்மேற்கே திரும்பின. இறக்கையடிக்கும் சத்தம் நின்ற பிறகும் நாங்கள் அதே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். செயலாளர் மாடிப்படியில் நின்றிருந்தார். "எதுக்கும்மா? நான் ஒண்ணும் சொல்லலையே" என்றார். யாராவது தன்னைக் குறை சொல்லிவிடுவார்களோ என்பதுபோல இருந்தது அவர் முகம்.

கொஞ்ச நேரத்தில் அண்ணியின் போன் அடித்தது. நைனாவின் குரல் எனக்கே கேட்டது. "இன்னா பொண்ணே, சொல்லாம கொள்ளாம அனுப்பிட்ட? நாலும் எறங்கிடுச்சி. எந்தப் பொந்து தன்னுதுன்னுகூட மறக்கல, நேரா போயி குந்திக்கிச்சி பாரேன்." சற்று நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அதுங்க வந்துடுச்சி. நீ எப்ப வர்ற?" என்றார்.

அண்ணி திறந்து கிடந்த கூண்டுக்குள் எட்டிப் பார்த்தாள். "ஞாயித்துக்கெழம இவங்களையும் இட்டுக்கினு வரேன் நைனா. சாயங்காலம் திரும்பிடணும், மறுநாளு பேங்க் கீது" என்றாள். "இப்ப வையி. மழ தூறுது, கொடில துணி காயுது."

போனைத் துண்டில் முடிந்துகொண்டு, கொடியிலிருந்து துணிகளை உருவ ஆரம்பித்தாள். பாதியை என் தோளில் போட்டாள். அம்மாவின் புடவையைச் செயலாளர் எடுத்து, எப்படி மடிப்பது என்று தெரியாமல் சுருட்டிக் கொடுத்தார். நாங்கள் கீழே இறங்கினோம்.