காலி சீட்டுல ஒரு கர்ச்சீப்

மூணு நாளா ஆபீஸ்ல என் பொழப்பு இதுதான். பழைய கோபோல் கம்ப்யூட்டர் புரோகிராம், புது ஜாவா புரோகிராம்கிட்ட உதிரிபாக நம்பரைக் கொடுக்கும். ஜாவா, அப்படி ஒண்ணே இல்லன்னு திருப்பி அனுப்பிடும். நாளைக்கு கஸ்டமர் வர்றார்.

காலையில ஆவடி பஸ்ல ஒரு காலி சீட்டுல உட்காரப் போனேன். ஜன்னலோர அக்கா தடுத்தாங்க.

"கர்ச்சீப் போட்டுக்கீது பாரு. ஆள் வருது."

நின்னுக்கிட்டே வந்தப்போதான் பொறி தட்டுச்சு. கோபோல் ஆறெழுத்து நம்பரை இருபது எழுத்து இடத்துல வெச்சு, மிச்சத்தை ஸ்பேஸால நிரப்பி அனுப்புது. நமக்கு அது காலி. ஜாவாவுக்கு ஒவ்வொரு ஸ்பேஸும் கர்ச்சீப், அதையும் ஒரு எழுத்தா நம்பரோட சேர்த்துத்தான் தேடும்.

ஆபீஸ் போய் அந்த ஸ்பேஸை எல்லாம் வெட்டினேன். முதல் தடவையிலயே ஜாவா நம்பரைக் கண்டுபிடிச்சுடுச்சு. அப்பாடா.

காலையில பாடி ஸ்டாப்புல நான் இறங்கற வரைக்கும் அந்த சீட்டுக்கு யாரும் வரல. வேற நாளா இருந்தா சண்டை போட்டிருப்பேன்.