விரலில் விழாத தடம்

யாரையும் நம்ப வைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான். நடுராத்திரி இல்லை, சுடுகாடு இல்லை, வெள்ளைப் புடவையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் நடந்தது.

என் பெயர் பிரசன்னா. லாலாகுடா ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை. தாத்தா காலத்திலிருந்தே எங்களுக்கு செகந்திராபாத்தான். வார நாளில் ஸ்பேனர், சனி ஞாயிறு கிடார். நாலு பேர் சேர்ந்து ஒரு பேண்ட் வைத்திருந்தோம். கல்யாண ரிசப்ஷன், ஓட்டல், கம்பெனி விழா என்று யார் கூப்பிட்டாலும் போவோம்.

போன வருஷம் எனக்குக் கழுத்தில் டிஸ்க் நகர்ந்தது. இடது கையில் நாலு விரல் நுனியும் மரத்துப்போயின. ஊசியால் குத்தினாலும் தெரியாது. "நரம்பு சமாச்சாரம், வந்தா வரும்" என்றார் டாக்டர். வராவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. விரலோடு சேர்ந்து மனசும் மரத்துவிட்டது போல. சொந்த மாமா செத்ததற்குப் போனேன். எல்லோரும் அழுதார்கள். நான் செருப்பு எங்கே விட்டேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எலக்ட்ரிக் கிடாரின் கம்பியை ஒரு மணி நேரம் அழுத்தி வாசித்தால் விரல் நுனியில் கோடு விழும். கத்தி வைத்து அழுத்திய மாதிரி சின்னப் பள்ளம். அரை மணி நேரத்தில் தானாக மறைந்துவிடும். எனக்கு உணர்ச்சிதான் போனதே தவிர அந்தத் தடம் போகவில்லை. எவ்வளவு அழுத்துகிறேன் என்றே தெரியாததால் முன்னைவிட ஆழமாக விழுந்தது.

வாசிப்பு கெட்டுப்போனது. டிரம்ஸ் வாசிக்கும் சாய்குமார் என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தெலுங்கில் சொன்னான், கை சரியில்லை என்றால் வேறு ஆளை வைத்துக்கொள்கிறோம் என்று.

"நக்கோ பாய், வேற ஆள் வேண்டாம்" என்றேன். "ஒரு மாசம் டைம் குடு."

கம்பி ஓடும் கழுத்துக் கட்டை மெலிசாக, கம்பி தாழ்வாக இருக்கும் கிடார் கிடைத்தால் சமாளிக்கலாம் என்று தோன்றியது. புதுசு வாங்க வசதியில்லை. போனில் விளம்பரம் தேடினேன். ராமச்சந்திராபுரத்தில் ஒரு பழைய கிடார் இருந்தது. விற்பவர் பெயர் வேதாசலம். தமிழ்க்காரர். அங்கே இருக்கும் பெரிய தொழிற்சாலையில் இன்ஜினியராக இருந்து ரிடையர் ஆனவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூணு மணிக்கு அவர் வீட்டில் இருந்தேன்.

"பையனோடது. விஸ்வநாத். பூனாவுல வேலை. நாலு வருஷமா இதைத் தொடறதே இல்ல" என்றார் வேதாசலம். "நேத்து ராத்திரி போன்ல சொன்னேன், ஒருத்தர் பார்க்க வராருன்னு. நல்லா வாசிச்சுப் பார்க்கச் சொல்லுங்கப்பான்னு சொன்னான். தூக்கம் வருதுன்னு வெச்சுட்டான்."

பையனின் அறை. கட்டில், மேஜை, கிடார் சத்தத்தைப் பெருக்கும் சின்ன ஆம்ப். கட்டிலில் கிடார் பெட்டி. என்னை உட்காரவைத்துவிட்டு அவர் கூடத்துக்குப் போய்விட்டார். கதவு திறந்துதான் இருந்தது.

பழைய கிடார் வாங்கும்போது நான் முதலில் ஆம்ப்பில் சொருக மாட்டேன். சும்மா மீட்டிப் பார்ப்பேன். மரம் நல்ல மரமாக இருந்தால் வயிற்றில் அதிர்வு தெரியும். ஆம்ப் ஆயிரம் பொய் சொல்லும். வயிறு சொல்லாது.

பெட்டியைத் திறந்தேன். கம்பிகள் பளபளவென்று இருந்தன. "நாலு வருஷத்துக் கம்பி, துருவே இல்லையே" என்றேன்.

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நான் துடைச்சு வைப்பேன்" என்று சமையலறையிலிருந்து ஒரு குரல் வந்தது. விஸ்வநாத்தின் அம்மா, தங்கம்.

சரி, துரு இல்லாததற்குக் காரணம் கிடைத்தது. மீட்டினேன்.

சுருதி துல்லியமாக இருந்தது.

அதற்குக் காரணம் கிடைக்கவில்லை. நாலு நாள் தொடாமல் வைத்தாலே கிடாரின் சுருதி இறங்கிவிடும். இது நாலு வருஷம். ஆறு கம்பியில் ஒன்றுகூட இம்மி இறங்கவில்லை. இப்போதுதான் யாரோ முறுக்கி வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

ஆம்ப்பில் சொருகினேன். இந்த வகைப் பழைய கிடாரைச் சொருகினால் "ம்ம்ம்ம்" என்று ஒரு இரைச்சல் வரும். கம்பியில் கை வைத்தால் அடங்கும். கையை எடுத்தால் திரும்ப வரும். நம் உடம்புதான் அதை அடக்குகிறது. கிடார்க்காரன் எவனைக் கேட்டாலும் சொல்வான்.

சொருகினேன். ஆம்ப் விளக்கு எரிந்தது. என் கை கம்பியில் இல்லை.

இரைச்சல் வரவில்லை.

பையன் ஒயரிங் நன்றாகச் செய்திருக்கிறான் என்று நினைத்தேன். வேறு என்ன நினைப்பது?

இடது கையைக் கிடாரின் கழுத்தில் வைத்து முதல் ஸ்வரத்தை அழுத்தினேன். அப்போது...

தெரிந்தது.

கம்பி தெரிந்தது. அதன் மெல்லிசு தெரிந்தது. முறுக்கின சொரசொரப்பு தெரிந்தது. எட்டு மாசமாகக் கட்டையாக இருந்த விரல்கள். ஆள்காட்டி விரலிலிருந்து சுண்டு விரல் வரைக்கும் நாலு நுனியும் ஜில்லென்று விழித்துக்கொண்டன. அறையில் ஃபேன்கூட ஓடவில்லை, சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. விரல் நுனி மட்டும் ஐஸ்.

வாசித்தேன். எப்பேர்ப்பட்ட டோன் அது! மணி மாதிரி எழும்பி, மெதுவாக அடங்கும் சத்தம். மெல்ல மெல்ல விரல் வலிக்க ஆரம்பித்தது. வலி! புதிதாகக் கற்றுக்கொள்கிறவனுக்கு வலிக்குமே, அப்படி. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாமா சாவுக்கு வராத தண்ணீர். இன்னும் அழுத்தினேன். வலிக்க வலிக்க அழுத்தினேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பார்த்தால் மணி நாலு ஐந்து.

தங்கம் அம்மா டீ எடுத்து வந்தார். வாசலிலேயே நின்றார்.

"அந்த இடத்துல அவனும் இப்படித்தான் இழுப்பான்" என்றார்.

"எந்த இடத்துலம்மா?"

"இப்ப இழுத்தீங்களே."

நான் எதையும் இழுக்கவில்லை. மூன்றாவது கம்பியை ஏழாவது கட்டத்தில் அழுத்தியிருந்தேன், அவ்வளவுதான். ஆனால் ஸ்வரம் இழுபட்டு, அழுகிற மாதிரி மேலே ஏறியது என் காதிலும் விழுந்தது.

அவர் டீயை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

டீயை எடுக்க இரண்டு கையையும் கிடாரிலிருந்து எடுத்தேன்.

கம்பியை அழுத்திய விரலை எடுத்தால் அந்த ஸ்வரம் அந்த நொடியே செத்துவிடும். இது சாகவில்லை. ஒலித்துக்கொண்டே இருந்தது.

குனிந்து பார்த்தேன்.

மூன்றாவது கம்பி, ஏழாவது கட்டத்தில், கீழே அழுந்தியிருந்தது. மற்ற ஐந்து கம்பிகளும் மேலே இருந்தன. அது மட்டும் மரத்தோடு ஒட்டிக்கொண்டு...

அதன் மேல் விரல் இல்லை.

எதுவும் இல்லை.

என் கை இரண்டும் காற்றில் நின்றன. கூடத்தில் வேதாசலம் செய்தித்தாள் புரட்டும் சத்தம் கேட்டது. சர்ர்... சர்ர்...

ஸ்வரம் தேய்ந்தது.

கம்பி அப்படியே இருந்தது.

பிறகு... மெதுவாக... யாரோ விரலை எடுப்பது போல...

கம்பி எழுந்தது.

"ம்ம்ம்ம்ம்..."

ஆம்ப் இரைய ஆரம்பித்தது.

இவ்வளவு நேரம் கம்பியில் இருந்த கை, போய்விட்டது.

என் விரல்களைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தேன். கட்டை. பழையபடி மரத்துப்போயிருந்தன.

கிடாரைப் பெட்டியில் வைத்தேன். கை நடுங்கவில்லை. நான் ஓடவுமில்லை. மரத்துப்போனவனுக்குப் பயமும் பாதிதான் வரும் போலிருக்கிறது. "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றேன். "நிதானமா சொல்லுங்க தம்பி" என்றார் வேதாசலம்.

லிங்கம்பள்ளியில் ரயில் பிடித்தேன். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் இடது கையை விரித்துப் பார்த்தேன். ஒரு மணி நேரம் வெறி பிடித்த மாதிரி அழுத்தியிருக்கிறேன். நுனியில் நாலு கோடு பள்ளமாக இருக்க வேண்டும்.

ஒரு கோடுகூட இல்லை. குழந்தை விரல் மாதிரி வழவழவென்று இருந்தது.

உள்ளதைச் சொல்கிறேன், பயத்தைவிட ஆசைதான் எனக்குப் பெரிதாக இருந்தது. அந்த வலி திரும்பக் கிடைத்தால் போதும், யார் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வேன் என்று இருந்தேன். திங்கட்கிழமை சாயங்காலம் வேதாசலத்துக்குப் போன் செய்தேன், கிடார் வேண்டும் என்று சொல்ல. எடுக்கவில்லை. செவ்வாயும் எடுக்கவில்லை. வேறு யாருக்கோ விற்றுவிட்டார் என்று விட்டுவிட்டேன்.

பதினைந்து நாள் கழித்து அவரே கூப்பிட்டார்.

"தம்பி, விஸ்வா தவறிட்டான்."

குரல் சாதாரணமாக இருந்தது. அதுவும் மரத்துப்போன குரல்தான். எனக்கு அடையாளம் தெரியும்.

பூனாவில் விஸ்வநாத்தோடு தங்கியிருந்தவன் தியாகு. ஊருக்குப் போயிருந்தவன் திங்கட்கிழமை காலையில் திரும்பி வந்து கதவைத் தட்டியிருக்கிறான். திறக்கவில்லை. உடைத்துப் பார்த்தால் விஸ்வநாத் படுத்த வாக்கிலேயே செத்துக் கிடந்திருக்கிறான். மாரடைப்பு. முப்பத்தோரு வயசு. சனிக்கிழமை ராத்திரியே உயிர் போயிருக்கிறது என்றார்களாம் டாக்டர்கள். அப்பாவிடம் தூக்கம் வருகிறது என்று சொல்லிப் போனை வைத்த அதே ராத்திரி.

நான் வாசித்தது ஞாயிற்றுக்கிழமை.

"தியாகு ஒண்ணு சொன்னான்" என்றார் வேதாசலம். "குளிப்பாட்டும்போது பார்த்தானாம். இடது கையில நாலு விரல் நுனியிலயும் கோடு. ஆழமா. கிடார் வாசிச்சா விழுமே, அது. எனக்கும் தெரியும், சின்ன வயசுல காட்டுவான். ஆனா அந்த ரூம்ல கிடாரே கிடையாது தம்பி. அவன் தொட்டே நாலு வருஷமாச்சு."



உயிருள்ள விரலில் அந்தத் தடம் அரை மணி நேரத்தில் மறைந்துவிடும். செத்த விரலில் மறையாது. அதோடுதான் அவனைக் கொண்டுபோய் எரித்திருக்கிறார்கள்.

"நான் இன்ஜினியர். எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இல்ல" என்றார். பிறகு அவரே கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நீங்க வாசிக்கும்போது... அவனுக்கு வலிச்சிருக்குமா?"

"இல்ல சார்" என்றேன். "வலிச்சிருக்காது."

போனை வைத்துவிட்டார்.

வலித்தது. அந்த ஒரு மணி நேரமும் வலித்தது. ஒவ்வொரு கம்பியும் எலும்பு வரைக்கும் வலித்தது. எனக்குத் தெரியும்.

நான்தான் சந்தோஷத்தில் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தேன்.