போட்டு வா

சவுதியின் தம்மாம் விமான நிலையத்தில் கொழும்பு விமானத்துக்கான வரிசை. எனக்கு முன்னால் நிற்பவள் யாழ்ப்பாணத்துப் பெண், வீட்டு வேலைக்கு வந்தவள். அதிகாரி முத்திரை குத்தி, "நிஹாயி, கலாஸ்" என்று அரபியில் சொல்லிப் பாஸ்போர்ட்டை நீட்டுகிறார்.

"அண்ணை, நிஹாயி எண்டா என்ன?" என்று என்னிடம் கேட்கிறாள்.

அந்தச் சொல்லை விளக்கும் வேலை என் தலையில் விழுகிறது. விசாப் பக்கத்தைப் பார்க்கிறேன். திரும்பி வருவதற்கான ரீ-என்ட்ரி அதில் இல்லை.

"ஒரேயடியா அனுப்பிட்டாங்கம்மா. இனி இந்த விசால வர முடியாது."

"லீவெண்டுதானே சொன்னவை?"

பாஸ்போர்ட்டை வாங்கிக் கைப்பைக்குள் வைக்கிறாள். ஜிப் மூட மறுக்கிறது. இழுத்துக்கொண்டே பேசுகிறாள்.

"மேடத்தின்ர மகன், நான் வளர்த்த பிள்ளை, அண்ணை. போறன் எண்டு சொல்லக் கூடாது, போட்டு வாறன் எண்டுதான் சொல்லோணும் எண்டு பழக்கினனான். காலமை வாசல்ல நிண்டு தமிழிலயே 'போட்டு வா' எண்டவன். பக்கத்தில மேடம் அழுதுகொண்டு நிண்டவ."

ஜிப்பை விட்டுவிடுகிறாள்.

"லீவில போறதுக்கு ஏன் இவ இப்பிடி அழுறா எண்டு நான் சிரிச்சுப்போட்டு வந்தனான்."