இரண்டு தரம் எண்ணப்பட்ட முழங்கால்கள்

உம்மா கதிரையில் உட்கார்ந்து தொழத் தொடங்கியது எனக்குப் பிடிக்கவேயில்லை. அவருக்கு அது என்னைவிடப் பிடிக்கவில்லை. முழங்கால் மடங்க மறுத்துவிட்டது. சுஜூதுக்குக் குனிந்தால் நெற்றி பாயைத் தொடாமல் அந்தரத்தில் நின்றுவிடும்.

"நோன்பு வாறதுக்குள்ள நெத்திய நிலத்தில வெச்சிரணும் மகள்," என்று பார்க்கிற நேரமெல்லாம் சொல்வார்.

அந்த நாட்களில்தான் எனக்கு வேலை கிடைத்தது. முழங்கால் வலிக்குப் போடும் ஓர் ஊசி உண்மையிலேயே பலன் தருகிறதா என்று பார்க்கும் குழு ஒன்றில் சேர்ந்தேன். உலகத்தில் எங்கெங்கோ நடந்த ஆய்வுகளையெல்லாம் தேடி எடுத்து, எதை எவ்வளவு நம்பலாம் என்று எடைபோட்டு, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் என்ன தெரிகிறது என்று எழுத வேண்டும். பொறுப்பாளர் கொழும்பில். நான் புத்தளத்துப் பக்கம் கரைத்தீவில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், பக்கத்தில் உம்மா இறால் உடைத்துக்கொண்டிருக்க, மடிக்கணினியும் கையுமாக இருந்தேன். எனக்கு இதைவிடச் சந்தோஷமான வேலை இருக்கவே முடியாது என்று தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

ஒவ்வொரு கட்டுரையையும் இரண்டு பேர் தனித்தனியே வாசிக்க வேண்டும் என்பது விதி. ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியக்கூடாது. முடிந்த பிறகுதான் இரண்டையும் ஒப்பிடுவோம். என் சோடி உடப்பு என்ற ஊரில் இருந்த ஓர் அண்ணா. நேரில் கண்டதில்லை, தொலைபேசியில் மட்டும் கதை. என் வேகம் அவருக்குப் பகிடி.

"தங்கச்சி, நீங்க கட்டுரை வாசிக்கிறீங்களா, இல்லாட்டி பஸ்ஸில இருந்து கடை போர்ட் பாக்கிறீங்களா?"

"நீங்க முடிக்கிற நேரம் நான் ரெண்டு தரம் வாசிச்சிருவன் அண்ணா."

உம்மாவைப் பொறுத்தவரை இந்தக் குழு, கொழும்பு, உலகம் எல்லாமே அவருடைய முழங்காலுக்காகத்தான் இயங்கியது. கிளினிக்கில் டாக்டர் ஊசியைப் பற்றிச் சொல்லி, யோசித்துவிட்டு வரச் சொல்லியிருந்தார். உம்மா யோசிக்கும் பொறுப்பை என்னிடம் தந்துவிட்டார்.

"உன்ட ஆராய்ச்சி என்ன சொல்லுது?"

பெரும்பாலான ஆய்வுகள் சின்னவை. ஒன்று சொன்னதை மற்றது மறுத்தது. ஆனால் இரண்டு மட்டும் பெரியவை, ஒழுங்காகச் செய்யப்பட்டவை, இரண்டும் ஊசிக்குச் சாதகமானவை. எனக்குப் பொறுமை போதவில்லை.

"ஊசி நல்லா வேலை செய்யுது போல உம்மா. வேற வேற ரெண்டு இடத்தில செஞ்சு பாத்திருக்காங்க. ரெண்டுலயும் ஒரே மாதிரி."

அன்று பின்னேரமே அடுத்த வீட்டு மாமிக்கும் விஷயம் போய்விட்டது. "என்ட மகள் சொல்லிட்டா!"

ஆய்வு நடக்கும்போது இடையில் விலகிப்போனவர்களைப் பற்றி எழுதுவதுதான் எங்கள் வேலையில் ஆகச் சலிப்பான பகுதி. யார் விலகினார், ஏன் விலகினார் என்று பார்த்துப் பதிய வேண்டும். அந்தப் பெரிய கட்டுரைகளில் இரண்டாவதை அப்படிப் பதியும்போது அடிக்குறிப்பில் ஒரு வரி இருந்தது: ஒரு பெண், மகனோடு வசிப்பதற்காக வேறு நகரத்துக்குக் குடிபெயர்ந்ததால் விலகினார்.

விரல் நின்றுவிட்டது. இந்தப் பெண்ணை எனக்குத் தெரியுமே!

முதலாவது கட்டுரையைத் திறந்தேன். அங்கேயும் ஊசி போட்டவர்களின் குழுவில் ஒரு பெண், மகன் வீட்டுக்குப் போயிருந்தார்.

வேறு யாராவது என்றால் தற்செயல் என்று கடந்திருக்கலாம். எங்கள் குடும்பத்தில் ஓர் ஆள் இரண்டு இடத்தில் இருப்பது புதினமில்லை. தொண்ணூறாம் ஆண்டில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரை விட்டு வந்தவர்களின் வீடு இது. காணி அங்கே, குடியிருப்பு இங்கே. ஆட்களை எண்ண யார் வந்தாலும் முதல் கேள்வி "அங்கயா, இங்கயா?" என்பதுதான். இரண்டு இடத்துக் கணக்கையும் கூட்டிப் பார்த்தால் வந்த சனத்தைவிட இருக்கும் சனம் கூடுதல். "நாங்க குட்டி போட்டுட்டம்," என்று வாப்பா சிரிப்பார். அந்தச் சிரிப்போடு வளர்ந்தவள் நான்.

இரண்டு கட்டுரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். எழுதியவர்களின் பெயர் வரிசை மாறியிருந்தது. ஒன்றில் நகரத்தின் பெயர், மற்றதில் வெறுமனே 'போதனா வைத்தியசாலை'. ஒன்று சில மாதங்களில் கிடைத்த பலன், மற்றது நீண்ட காலத்துக்குப் பிறகு கிடைத்த பலன். ஆனால் தொடக்கத்தில் இருந்தவர்களின் சராசரி வயதும் எடையும் புள்ளிக்குப் பின்னால்கூட ஒத்துப்போயின. இது ஒரே சனம்! ஒரே முழங்கால்களை நாங்கள் இரண்டு தரம் எண்ணிக்கொண்டிருந்தோம்.

அண்ணாவுக்குக் கோல் அடித்தேன்.

"மகன் வீட்டுக்குப் போற பொம்பிள உலகத்தில ஒராள் மட்டுமா தங்கச்சி?"

"சரி, எல்லாரட சராசரி வயசும் எடையும் புள்ளி விடாம ஒண்டா இருக்கே அண்ணா? திறந்து பாருங்க."

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "ஐயோ," என்றார். "ரெண்டு பேரும் வாசிச்சும் விட்டுட்டமே."

பொறுப்பாளர் உடனே நம்பவில்லை, ஆனால் கட்டுரையாளர்களுக்கு எழுதினார். பதில் சுருக்கமாக வந்தது: ஆம், அதே நோயாளிகள்தான், குறிப்பிடத் தவறிவிட்டோம். நான் கதிரையை விட்டு எழும்பிக் கத்தியதில் உம்மா இறால் சட்டியைக் கீழே போட்டார்.

"என்ன, ஊசி வந்திட்டா?"

"இல்ல உம்மா. ரெண்டு ஆய்வு இல்ல, ஒண்டுதான்! நான் கண்டுபிடிச்சிட்டன்!"

"அப்ப ஊசி வேலை செய்யுதா, இல்லயா?"

இரண்டை ஒன்றாக்கிக் கணக்கை மறுபடி போட்டபோது ஊசியின் பக்கம் இருந்த பலத்தில் பாதி போய்விட்டது. "இன்னும் உறுதியாத் தெரியாது உம்மா," என்றேன், முகமெல்லாம் சிரிப்பாக.

"தெரியாது எண்டு சொல்றதுக்கா இவ்வளவு நாளும் படிச்ச? மாமிக்கு நான் என்னத்தச் சொல்ற?"

"என்ட மகள் பிழையச் சொல்லிட்டு, பிறகு சரியாக் கண்டுபிடிச்சா எண்டு சொல்லுங்க."

இன்னொன்றும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் உம்மாவுக்குத் தந்த, படம் போட்ட உடற்பயிற்சித் தாள் அலுமாரிக்கு மேலே தூசி பிடித்துக் கிடந்தது. முழங்காலுக்கு உடற்பயிற்சி உதவும் என்பதற்கு ஊசிக்கு இருப்பதைவிட உறுதியான ஆதாரம் குவிந்து கிடக்கிறது. உம்மாவுக்கு அதில் மரியாதை இல்லை. "சும்மா கதிரையில எழும்பி எழும்பிக் குந்துறதெல்லாம் ஒரு மருந்தா?" புத்தளத்துக்குப் போய் டாக்டரைக் கேட்டோம். ஊசிக்கு அவசரமில்லை, முதலில் பயிற்சியைச் செய்யுங்கள் என்றார்.

அதே தொழுகைக் கதிரைதான். எழும்ப, உட்கார, எழும்ப. உம்மா ஏசிக்கொண்டே செய்தார். நான் மேசையில் இருந்தபடி எத்தனை தரம் என்று கணக்குப் பார்த்தேன். இடையில் நிறுத்தினால், "விலகினவங்கட பக்கத்தில பேர் போட்டுருவன்," என்று வெருட்டுவேன்.

நோன்பு பிறந்த அன்று நண்பகல் லுஹர் தொழுகைக்கு உம்மா கதிரையைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பாயை விரித்தார். நான் எழுதுவதை நிறுத்தினேன். மெல்ல இறங்கினார். ஒரு கை நிலத்தில், பிறகு மற்றக் கை, பிறகு நெற்றி. நெற்றி பாயில் பட்டது. எழும்பவும் முடிந்தது.

சலாம் கொடுத்து முடித்ததும் அழுகையும் சிரிப்புமாகத் திரும்பினார். நான் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தேன்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார். பிறகு, என் மடிக்கணினியை ஒரு பார்வை பார்த்து, "இது ஒரு பொம்பிளட முழங்கால் மகள். ரெண்டு தரம் எழுதிப் போடாத."