மூன்றாம் துளையின் சொரசொரப்பு

கார் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தால், அதில் காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே போகும் துளைகளைச் சுழல் அரத்தால் அகலப்படுத்தி, முகம் பார்க்கலாம் என்னும் அளவுக்கு மெருகேற்றித் திருப்பிக் கொடுப்பது அவருடைய தொழில். அதனால் எல்லாரும் அவரைக் கண்ணாடிக்காரர் என்றே அழைத்தனர். மூக்குக்கண்ணாடி செய்பவர் என்றெண்ணி உடைந்த சட்டத்துடன் வந்து நின்றவர்களும் உண்டு. அவர்களையும் வெறுமனே அனுப்ப மனமின்றி, சட்டத்தின் திருகாணியை முடுக்கிக் கொடுத்தே அனுப்புவார்.

பட்டறையின் முன்பாதியில் அவருடைய மனைவி கார் இருக்கைகளுக்கு உறை தைத்தார். பின்பாதியில் அவர் அரம் பிடித்தார். நடுவே ஒரு பலகைத் தடுப்பு. அதையும் மீறி இரண்டு இயந்திரங்களும் நாள் முழுதும் சண்டையிட்டுக்கொண்டிருக்கும், மனிதர் இருவரும் சமாதானமாக இருப்பர்.

வழி வழுவழுப்பாக இருந்தால் காற்றுத் தாராளமாக நுழையும். காற்றுத் தாராளமாக நுழைந்தால் எஞ்சினின் வலு கூடும். இருபத்திரண்டு ஆண்டுகளாக அவர் நம்பிய கணக்கு இவ்வளவுதான்.

அந்தக் கணக்குக்குச் சோதனையாக வந்தது அவருடைய தங்கை கணவரின் கார். மலைச்சாலைப் பந்தயங்களில் ஓட்டும் அவருக்கு வயது நாற்பத்தாறு. ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் அவரை அமர்த்துவதா, இளையவர் ஒருவரை அமர்த்துவதா என்பதை, வெள்ளிக்கிழமை அவர் ஓட்டிக் காட்டும் நேரத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வதாக அணியின் பொறுப்பாளர் அறிவித்திருந்தார். கழுத்தில் எப்போதும் நிறுத்துக்கடிகாரம் தொங்கும் அந்த அம்மையாரைக் கடிகாரம்மா என்று மறைவில் அழைப்பார்கள்.

"மச்சான், இந்தத் தடவை இறக்கிவிட்டாங்கன்னா அப்புறம் என்னைக் கொடி அசைக்கக்கூடக் கூப்பிட மாட்டாங்க" என்றார் ஓட்டுநர்.

"கவலைய விடுங்க மாப்பிள்ளை. உள்ள போற காத்து வழுக்கிக்கிட்டு ஓடும்" என்றார் கண்ணாடிக்காரர்.

சிலிண்டருக்கு ஒன்றாக இருந்த நான்கு துளைகளில் மூன்றை மெருகேற்றி முடித்தபோது மெருகுச் சக்கரம் பிய்ந்து போயிற்று. புதியது வாங்க நேரமில்லை. எஞ்சியிருந்த மூன்றாவது சிலிண்டரின் துளையை மட்டும், அகலப்படுத்திய நிலையில் சொரசொரப்பாகவே விட்டு ஹெட்டைப் பூட்டிவிட்டார். உள்ளுக்குள் அது கல்யாணக் கூட்டத்தில் தலை சீவாமல் நிற்பவனைப் போல அவரை உறுத்திக்கொண்டேயிருந்தது.

செவ்வாய்க்கிழமை ஓட்டிப் பார்த்துவிட்டு ஓட்டுநர் முகம் வாடித் திரும்பினார்.

"நேர் ரோட்டுல பரவாயில்ல மச்சான். வளைவுல குறைச்சிட்டு மறுபடி மிதிச்சா, தாத்தா மாடிப்படி ஏறுற மாதிரி நின்னு நின்னு ஏறுது."

பெட்ரோலைக் காற்றுடன் கலக்கும் கார்புரேட்டரை இப்படியும் அப்படியும் திருகிப் பார்த்தார்கள். பயனில்லை. புதன்கிழமை நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்தார் கண்ணாடிக்காரர். மூன்றின் முனைகளில் கரி அப்பியிருந்தது. மூன்றாவது சிலிண்டரின் பிளக் மட்டும் பிஸ்கட் நிறத்தில் இருந்தது.

நான்கில் ஒன்று மாறுபட்டால் குற்றம் அந்த ஒன்றின்மீதுதான் என்று அவருக்குத் தோன்றியது. அதுவும் தாம் அரைகுறையாக விட்ட துளை. உடனே ஹெட்டை மீண்டும் கழற்றி, புதுச் சக்கரம் வாங்கி, மூன்றாவதையும் பளபளவென்று ஆக்கினார். நான்கும் ஒன்றுபோல் மின்னின. வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

வியாழன் காலை கார் முன்னைவிட மோசமாக இருமியது. பிளக்குகள் நான்கும் கரியாக இருந்தன.

அவர் முக்காலியில் அமர்ந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். எதையும் குறைவாகச் செய்யவில்லை; கூடுதலாகத்தான் செய்திருந்தார். கூட்டக் கூட்டக் குறையும் கணக்கு உலகில் உண்டா? விரலைத் துளைக்குள் விட்டுத் தடவினார். வெண்ணெய் போலிருந்தது. இதில் என்ன குறை?

மனைவி தையலை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"நேத்து ஒண்ணு மட்டும் வேற நிறமா இருந்துச்சே?"

"அதைத்தான் சரி பண்ணிட்டேன்."

"பிளக் எந்த நிறத்துல இருந்தா நல்லதுன்னு சொல்வீங்க?"

அவர் சற்றுத் தாமதித்தே விடை சொன்னார். "பிஸ்கட் நிறம்."

"அப்போ மூணு பேரு அழுதுக்கிட்டு இருந்திருக்காங்க, ஒருத்தன் சிரிச்சிருக்கான். நீங்க சிரிச்சவனைத் தேடிப் போய் அழ வெச்சிருக்கீங்க."

அவர் பிளக்கின் நிறம் பார்க்கத் தெரியாதவரல்லர். ஆனால் துளையின் மீதிருந்த வெட்கம் கண்ணை மறைத்துவிட்டது.

ஒருவேளை, மெதுவாகப் போகும்போது பெட்ரோல் அந்த வழுவழுப்பில் படலமாகப் படிந்து சொட்டி, சரியாக எரியாமல் கரியாகிறதோ? சொரசொரப்பு இருந்தால் காற்று சுழன்று அதைக் கிளப்பிக் கலக்குமோ? அப்படியென்றால் இத்தனை ஆண்டுகள் மெருகேற்றியவை? அவற்றில் பல நன்றாக ஓடினவே. எது மெருகால் ஓடியது, எது மெருகையும் மீறி ஓடியது? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. ஆனால் வெள்ளிக்கிழமை காத்திருக்காது.

முரட்டு உப்புத்தாளை விரலில் சுற்றிக்கொண்டு, மின்னிய நான்கு துளைகளையும் தாமே கீறத் தொடங்கினார். பெற்ற பிள்ளையின் முகத்தில் கரி பூசுவது போலிருந்தது. பாதியில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். மாலைக்குள் நான்கும் மங்கின.

வெள்ளிக்கிழமை, வளைவுகள் நிறைந்த அந்தச் சாலையில் கார் இருமவில்லை. கடிகாரம்மா நிறுத்துக்கடிகாரத்தை இரண்டு முறை பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை நீங்களே ஓட்டுங்க" என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டு, கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பினார். "நல்ல வேலை. இன்னும் ரெண்டு வண்டி இருக்கு. அதுக்கும் இதையே செஞ்சிடுங்க."

"இதையேன்னா எதைன்னு எனக்கே தெளிவா தெரியலம்மா."

"தெரியாமலா இந்த நேரம் வந்துச்சு?"

"தெரிஞ்சு செஞ்சப்பதான் வரல."

அவர் கேலி செய்கிறாரோ என்று கடிகாரம்மா உற்றுப் பார்த்தார். அந்த முகத்தில் கேலியின் சுவடே இல்லை.

"பழுதில்லாத பழைய ஹெட் ஒண்ணு இருந்தா குடுங்கம்மா. நாலு துளையையும் நாலு விதமா பண்ணி ஓட்டிப் பார்க்கிறேன். அதுக்கப்புறம் உங்க வண்டியில கை வைக்கிறேன்."

கிடங்கின் மூலையிலிருந்து தூசி படிந்த ஹெட் ஒன்று வந்தது. ஓட்டுநரும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் காரின் பின்பெட்டியில் ஏற்றினார்கள். மூடியைச் சாத்தும்போது ஓட்டுநர் குரலைத் தாழ்த்தினார்.

"மச்சான், ஞாயித்துக்கிழமை முடியிற வரைக்கும் என் ஹெட்டைத் தொட மாட்டீங்கல்ல?"

"தொட மாட்டேன்" என்றார் கண்ணாடிக்காரர். அந்த வாரத்தில் அவர் தயங்காமல் சொன்ன விடை அது ஒன்றுதான்.